பியூரிஃபயர் வாங்கலாம், அதற்கு முன் அந்தச் சட்டை

கேள்வி: கிருஷ்ணகிரியில் பெங்களூரு ரோட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. மூன்று வருடமாக வீசிங். ஐப்பசி பிறந்தால் தை முடியும் வரை ராத்திரித் தூக்கம் கிடையாது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள், பழகிவிடும் என்று பயந்து கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டோம். வீட்டுக்காரருக்குக் கிரானைட் பாலிஷ் கம்பெனியில் வேலை. அவர் வந்ததும் பையன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான். மாமியார் பின்பக்கம் விறகு அடுப்பில்தான் வெந்நீர் போடுவார். கொசுத் தொல்லை அதிகம், அதனால் சுருள் ஏற்றி ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறோம். பெங்களூரில் நாத்தனார் வீட்டில் ஏர் பியூரிஃபயர் வாங்கியிருக்கிறார்கள், 14,000 ரூபாயாம். நாங்களும் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கலாமா? வாங்கினால் வீசிங் நின்றுவிடுமா? எதைப் பார்த்து வாங்குவது? செடி வைத்தாலே போதும் என்கிறார்களே, உண்மையா?

— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். சீட்டுப் பணம் இன்னும் இரண்டு மாதம் சீட்டிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பியூரிஃபயரைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே, உங்களுக்கே தெரியாமல், பையனுக்கு ஏன் மூச்சு இழுக்கிறது என்பதையும் எழுதிவிட்டீர்கள். சுருள், சாத்திய ஜன்னல், விறகு அடுப்பு, அப்பாவின் சட்டை, நிறுத்திய இன்ஹேலர். இந்த ஐந்தையும் அப்படியே விட்டுவிட்டு நடுவில் ஒரு மெஷினை வைப்பது, குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி.

முதலில் சுருள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் சீனா, மலேசியா நாட்டுக் கொசுவத்திச் சுருள்களை எரித்து அளந்து பார்த்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருகிற அளவுக்குச் சமம் என்று கணக்கு வந்தது. நம் கடைச் சுருளும் அதே வகைதான்: மரத்தூள், அதைப் பிடித்துவைக்கும் பசை, கொஞ்சம் பூச்சிமருந்து. வீட்டில் யாராவது ஒரே ஒரு பீடி பற்றவைத்தால்கூடப் பையனை வெளியே தூக்கிக்கொண்டு போவீர்கள், இல்லையா? அதே பையனைச் சுருளோடு ஓர் அறையில் வைத்து ஜன்னலையும் சாத்திவிடுகிறீர்கள். தவறு உங்கள் மேல் இல்லை. சுருள் புகை கொசுவுக்கு மட்டும்தான் என்று நாம் எல்லோருமே நம்பி வளர்ந்தவர்கள்.

கொசுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல முடியாது. டெங்கு வருகிற ஊர் இது. கொசுவலை கட்டுங்கள். கட்டிலுக்கு நான்கு கம்பு வைத்துக் கட்டும் பழைய வலை போதும், நல்லதே சில நூறு ரூபாயில் கிடைக்கும். பின்பக்க ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டால் அதைத் திறந்துவைக்கவும் முடியும். வலை கட்டியும் சமாளிக்க முடியாத நாட்களில், பையன் வேறு அறையில் இருக்கும்போது ஒரு மணி நேரம் லிக்விட் மெஷினைப் போட்டு அணைத்துவிட்டு, அப்புறம் அவனைப் படுக்கவையுங்கள். அதில் புகை கிடையாது. மருந்து உண்டு, அதனால் இரவு முழுக்க அவன் தலைமாட்டில் எரிய வேண்டாம். சந்தையில் விற்கிற கொசு ஊதுபத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். பல பெட்டிகளில் உள்ளே என்ன மருந்து என்றே அச்சடித்திருக்காது.

அடுத்தது விறகு அடுப்பு. மாமியாரிடம் இதைப் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் ஹீட்டர் தண்ணீரில் குளித்தால் உடம்பு வலி போகாது என்பார். அதனால் அடுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. இடத்தை மாற்றுங்கள். பின்கதவை ஒட்டி அடுப்பு இருந்தால் காற்று திரும்புகிற ஒவ்வொரு முறையும் புகை வீட்டுக்குள் வரும். பத்தடி தள்ளிச் சுற்றுச்சுவர் ஓரமாக வைத்து, எரிகிற நேரம் பின்கதவைச் சாத்திவைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். இன்னொன்று: மார்கழிக் குளிரில் நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுந்ததும் போர்வையோடு போய் அந்த அடுப்பின் முன்னால்தான் உட்காருவார்கள். உங்கள் மகனும் உட்காருகிறான் என்று பந்தயம் கட்டுகிறேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருபது நிமிடம். பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்துக்கு இருமல் ஆரம்பிக்கும். அவனுக்கு ஒரு ஸ்வெட்டரும் குல்லாவும் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குள் உட்காரவையுங்கள்.

குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் மலைப் பக்கக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உங்களுக்கு உறவு இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பியூரிஃபயரும் அதை வடிகட்டாது.

சாம்பிராணி பற்றி நீங்கள் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் போடுவீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். பையன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

இப்போது அந்தச் சட்டைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்த வரி, அவர் வந்ததும் பையன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான் என்பதுதான்.

கிரானைட் கம்பெனியில் பெரிய பிளாக்கை அறுக்கும் ரம்பமும் பாலிஷ் மெஷினும் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் ஓடும். தூசி சேறாகி ஓடிவிடும். ஆபத்து வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஓரம் தேய்க்கக் கை மிஷினைத் தண்ணீர் இல்லாமல் பிடிக்கும்போது மாவு மாதிரி பறக்குமே, அது. இன்னொன்று, சட்டையில் தெறித்த அந்தச் சேறு. வீடு வந்து சேருவதற்குள் அது காய்ந்து மறுபடி தூசியாகிவிடும். பாரடைசோ போன்ற வண்ணக் கற்களில் குவார்ட்ஸ் நிறைய, கறுப்புக் கல்லில் குறைவு. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. அதன் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. தங்கிய இடம் தழும்பாக இறுகும். இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வேலை செய்பவருக்குத்தான் இந்த நோய் பயம். பையனுக்கு அந்த அளவு தூசி சேராது. ஆனால் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் அவன் மூச்சுக்குழலுக்கு எந்தத் தூசியும் ஆகாது. அவன் முகம் புதைகிற உயரம் சரியாக அப்பாவின் சட்டை நெஞ்சுதான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கட்டிக்கொள்வதை நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் எழுத மாட்டார். வரிசையை மட்டும் மாற்றுங்கள். வேலைக்கென்று இரண்டு செட் துணி கம்பெனியிலேயே இருக்கட்டும். அங்கேயே மாற்றிக்கொண்டு வருவதுதான் நல்லது. முடியாவிட்டால், வீட்டு வாசலிலோ பின்பக்கமோ சட்டையைக் கழற்றி நேராகத் தண்ணீர் வாளியில் போடட்டும். உதறக் கூடாது. உதறினால் தூசி வீட்டுக்கே திரும்பி வரும். பையனின் யூனிஃபார்மோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கட்டும். மொத்தம் பத்து நிமிட வேலை.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரசர் ஹோஸைப் பிடித்து உடம்புக்கு ஏர் அடித்துக்கொள்கிறாரா? இந்தக் கம்பெனிகளில் அது சாதாரணம். சட்டை சுத்தமானது போலத் தெரியும். அத்தனை தூசியும் அவர் மூக்குக்கு நேராகத்தான் எழும்பும். அதை விட்டுவிடச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வதும் வெறும் மனத் திருப்திதான். நுண்தூசிக்கு என்95 மாஸ்க்காவது வேண்டும், அதுவும் தாடியில்லாத முகத்தில் இடைவெளி விடாமல் படிய வேண்டும்.

சரி, இன்ஹேலர். பழகிவிடும் என்ற பயத்தை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன். அது பழகாது. இழுக்கும்போது குழலை விரித்துவிடுகிற சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அப்புறம்தான் நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலர் மருந்து நேராகப் போகிறது. இது போக, தினமும் போடச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் ஒன்றும் இருந்திருக்கும். நீங்கள் நிறுத்தியது பெரும்பாலும் அதைத்தான், ஏனென்றால் அதைப் போட்டதும் உடனே எதுவும் தெரியாது. அது குழலின் வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும், வாரக்கணக்கில் நேரம் எடுக்கும். ஐப்பசிக்குக் காத்திருக்காமல் இப்போதே டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பியுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு மாட்டுகிற பிளாஸ்டிக் குழல், கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். போட்டு முடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாப் பக்கம் உள்ளே குழிந்தாலோ, உதடு நீலமானாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு மாதம் கழித்தும் ராத்திரி இழுப்பு மிச்சம் இருந்தால், அல்லது ஹைவே தூசி உங்களைப் படுத்தினால், அப்போது மெஷின். உங்கள் ஊரில் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேலத்திலிருந்து ஓசூர் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையும் சென்னையிலிருந்து வருகிற 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் சேருகிற இடம் கிருஷ்ணகிரி. லாரி ராத்திரி முழுக்க ஓடும். பனிக்காலத்தில் விடியற்காலைக் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்வதால் டீசல் புகையும் மேலே போகாமல் தேங்கி நிற்கும். ரோட்டுப் பக்க ஜன்னலை ராத்திரியும் காலையும் சாத்திவையுங்கள். வெயில் ஏறிய பிறகு, பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள், பின்பக்க ஜன்னல்களை நன்றாகத் திறந்துவிடுங்கள். போகியன்று மட்டும் எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டியதுதான்.

கடைக்குப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள், மற்றதைக் காதில் வாங்க வேண்டாம்.

ஹெப்பா ஃபில்டரா? ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா லைக்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒழுங்கான ஹெப்பா, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஹெச்13 என்று தரம் போட்டிருந்தால் அதுவும் நல்லதுதான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 0.3 எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னத் துகள் தப்பிவிடுமோ என்று கேட்பார்கள். தப்பாது. ரொம்பச் சின்னது நேராகப் போகாமல் அங்குமிங்கும் அலைந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். பிடிக்கவே கடினமான அளவு 0.3 பக்கம்தான், அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள்.

சிஏடிஆர் எவ்வளவு? ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்கிற எண் இது. உங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும். 34-ஐ ஐந்தால் பெருக்கினால் 170. ஆனால் 170 போட்ட மெஷினை வாங்கிவிடாதீர்கள். அந்த எண் முழு வேகத்துக்கானது. முழு வேகத்தில் அது போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது, நீங்களே எழுந்து குறைத்துவிடுவீர்கள். 250, 300 இருக்கிற மெஷினாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். ‘400 சதுர அடிக்குப் போதும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மாற்று ஃபில்டர் என்ன விலை, எங்கே கிடைக்கும்? இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். நம் ஊர்த் தூசிக்கு ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருடம். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவி மறுபடி போட முடியாது. வெளியே இருக்கும் வலையை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை துடைக்கலாம். மெஷினுக்கு 9,000 கொடுத்துவிட்டு ஃபில்டருக்கு 3,000 கொடுக்க மனம் வராமல் கறுத்துப்போன ஃபில்டரோடு ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கரன்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட்ஸ் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்.

அயனைசர் என்று ஒரு பட்டன் இருக்கும். அணைத்தே வையுங்கள். சில அயனைசர்கள் ஓசோனை வெளிவிடும். வானத்தில் இருக்கும் வரை அது நமக்குக் காவல், மூக்கில் ஏறினால் வீசிங் பிள்ளைக்கு அதுவே எரிச்சல். உட்காரும் அறைக்கென்று விற்கிற ஓசோன் மெஷினைத் தொடவே தொடாதீர்கள்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலையை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஒன்று வாங்கி வைத்தேன். இரண்டு மாதம் ஓடியது. மெஷின் காட்டும் தூசி எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஃபில்டர் பாலிதீன் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது! அப்படியே சுற்றித்தான் உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். படித்துப் பட்டம் வாங்கிய நான் அதைப் பிரிக்கவே இல்லை. எங்கள் கம்பவுண்டர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஹாலில் வைத்து வீடு முழுக்கச் சுத்தமாகட்டும் என்று நினைக்காதீர்கள். பையன் படுக்கும் அறையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள், ஃபேன் ஓடலாம். அறைக்கு மேலே சிமென்ட் சீட் போட்டு, சுவருக்கும் சீட்டுக்கும் நடுவே சந்து இருந்தால் முதலில் அந்த இடைவெளியை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க் காற்றையே சுத்தம் செய்துகொண்டிருக்கும். எண் காட்டும் மெஷின் என்றால் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள், எவ்வளவு என்று பாருங்கள். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வரம்பு, 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது 15. ஒரு நாள் சுருளை ஏற்றி, மெஷினையும் போட்டு அந்த எண்ணைப் பாருங்கள். நான் மேலே எழுதியதெல்லாம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள், தாளிக்கிற எண்ணெய்ப் புகை ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடும்.

வீசிங் நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். அறைத் தூசி பாதியோ அதற்கு மேலோ குறையும், அது உறுதி. அதனால் இழுப்பு எவ்வளவு குறையும் என்பதில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு நல்ல வித்தியாசம், சிலருக்குக் கொஞ்சம்தான். மெத்தைக்குள் இருக்கும் தூசிப் பூச்சியையும் கரப்பான் எச்சத்தையும் எந்த மெஷினும் எடுக்காது. போர்வை, தலையணை உறையை வாரம் ஒரு முறை கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் போட்டு அலசுங்கள். மாமியாரின் அடுப்பு அதற்கு உதவட்டும். விளக்குமாறு போட்டுப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது, பெருக்கியே ஆக வேண்டும் என்றால் பையன் வெளியே இருக்கும்போது.

செடி வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும். 1989-இல் நாசா செய்த ஒரு சோதனையை வைத்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியது. அது சின்ன மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை, அதுவும் தூசிக்கு அல்ல, சில வாயுக்களுக்கு. ஜன்னல் வழியாக வந்து போகும் காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதன்பின் நீங்கள் படுக்க இடம் இருக்காது.

ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்காதது. மகனைக் காட்டக் கிளம்பும் அன்று வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அவருக்கு இருமல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சிலிக்கோசிஸ் பல வருடம் சத்தமே போடாது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஒன்றும் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருடத்தோடு ஒப்பிடலாம். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் பிடிப்பதும் எளிது. தொழிலாளர் சட்டப்படி, கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் இது ஒன்று, அதனால் மறைக்க வேண்டியதும் இல்லை. இஎஸ்ஐ அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் என்ன வேலை என்று கேட்டால் ‘கம்பெனி வேலை’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டாம். கல் வேலை, இத்தனை வருடம், கை மிஷின் பிடிப்பேன் என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள்.